கைப்பையில் வந்த பாட்டன்மார்

“…வேணுமெண்டால் நீயே பிளேன் ஏறி வா. வந்து உன்ரை கையாலை அள்ளிக்கொண்டு போ. நான் தபாலிலை போடமாட்டன்,” என்று சீன அக்கா டெலிபோனில் தன் அண்ணனுக்குச் சொன்னார்.

முதலில் சீனத்தில் அவருக்கு. பிறகு ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஆங்கிலத்தில் எனக்கு. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே தொழிற்சாலையில் பழகியவை. அதனாலோ என்னவோ, அவர் எதைச் சொன்னாலும் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

தபாலில் போடமாட்டேன் என்று அவர் சொன்னது ஒரு மேசைக்கரண்டி அளவு சாம்பலை. சீனாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில், அவர் பிறந்த வீட்டின் ஊதுபத்திச் சட்டியிலிருந்து அதை அள்ளிக்கொண்டு வந்தவள் நான். கேட்காமல் எடுத்தேன். அண்ணன் அதைக் களவு என்கிறார். நான் பழக்கதோஷம் என்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது என் படிப்பு எட்டாம் வகுப்பு. மிச்சத்தை ஆட்களின் வாயிலிருந்து படித்தேன். யாராவது ஒரு பழமொழி சொன்னால் எனக்கு அது இனிப்பு மாதிரி. வாயில் போட்டுக் கரைய விடுவேன். பிளேஸ்டோவில் இரண்டு அறை வீடு. கணவருக்குப் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். எனக்கு, பஸ்ஸில் இருபது நிமிடம் போனால், பெண்களின் கோட்டுத் தைக்கிற ஒரு தொழிற்சாலை. நான் ஓவர்லொக் மெஷினில். எனக்கு இடப்பக்கம், பொத்தான் துளை அடிக்கிற மெஷினில், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த ஒரு சீனப் பெண். நான் அவரை அக்கா என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன். அன்று தொட்டு என்னைத் தங்கச்சி என்றே கூப்பிட்டார். அந்தச் சொல்லில் ஓர் எழுத்துக்கூட அவருக்குச் சறுக்கவில்லை.

மத்தியானம் தொழிற்சாலை முழுக்கச் சாண்ட்விச் சாப்பிடும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சோறு. ஒருநாள் சூப்பர்வைசர் வந்து, மணம் தாங்க முடியவில்லை என்று ஆட்கள் சொல்கிறார்கள், வெளியே படிக்கட்டில் போய்ச் சாப்பிடுங்கள் என்றார். நான் பெட்டியை மூடத் தொடங்கிவிட்டேன். அக்கா அசையவில்லை.

“ஜன்னல் அங்கை இருக்கு. மணம் வேணுமெண்டால் வெளியிலை போகட்டும். நான் போகேல்லை,” என்றார்.

சூப்பர்வைசர் போய் ஜன்னலைத் திறந்தார். நான் மூடிய பெட்டியைத் திரும்பத் திறந்தேன். அதற்குப் பிறகு என் சோற்றுப் பெட்டியை யார் சொல்லியும் மூடியதில்லை.

அந்த மத்தியான நேரங்களில்தான் பழமொழிப் பரிமாற்றம் நடந்தது. அவர் ஒன்று சொன்னால் நான் ஒன்று. துணிக்கட்டோடு வருகிற சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். என் ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்த ஒரு கிழமை, நான் மெஷினுக்கு முன்னால் சும்மா இருந்தபோது அவர் என் தோளைத் தட்டி, “தூரத்துத் தண்ணி பக்கத்து நெருப்பை அணைக்காது. நீ தைய்,” என்றார். ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்யச் சொல்லி ஆறுதல் தந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய நெருப்பு சில வருடம் கழித்து வந்தது. தாய் இறந்துபோனார். அடக்கம் முடிந்து நாற்பது நாளுக்குப் பிறகே அண்ணனின் கடிதம் கிடைத்தது. அக்கா அன்றைக்கும் வேலைக்கு வந்தார். தேத்தண்ணி நேரத்தில் கடிதத்தை மடித்து மடித்து ஒரு பொத்தான் அளவுக்கு ஆக்கினார்.

“எங்கடை ஊரிலை சொல்லுவினம். கட்டிக்குடுத்த மகள் வாசலிலை ஊத்தின தண்ணி எண்டு.”

“ஆர் சொல்லுவினம்?”

“எல்லாரும். அம்மாவும் சொல்லுவா. சிரிச்சுக்கொண்டு சொல்லுவா.”

அதை மட்டும் நான் சீட்டில் எழுதவில்லை.

அவர் விரும்பியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பொப்லரில், தன் கவுன்சில் பிளாட்டில், தாய்க்கு ஒரு பத்தி வைக்க வேண்டும். பத்தியைக் கடையில் வாங்கலாம். வாங்க முடியாதது சாம்பல். அவர்களுடைய வழக்கம் இதுதான்: வீட்டு முன்னோருக்கு வைக்கிற பத்தியின் சாம்பல் தலைமுறை தலைமுறையாக ஒரே சட்டியில் சேரும். ஒரு மகன் வேறு ஊரில் குடியேறினால், அதிலிருந்து ஒரு பிடி கட்டிக் கொடுப்பார்கள். அவன் புதுச் சட்டியில் அரிசி நிரப்பி, மேலே அதைத் தூவினால், அது அந்த வீட்டின் கிளை.

“அந்தச் சாம்பல் இல்லாமல் பத்தி வைச்சால் என்ன?” என்று கேட்டேன்.

“விலாசம் எழுதாத கடிதம். அம்மாவுக்கு எப்பிடிப் போய்ச் சேரும்?”

“அப்ப கேட்டு எடுங்கோவன்.”

“நான் மகன் இல்லையே தங்கச்சி. எனக்குப் புருஷன் வீட்டுச் சட்டி இருக்காம். அது ஹொங்கொங்கிலை, அவரின்ரை தமையனிட்டை. என்ரை அம்மாவுக்கு அதிலை என்ன இடம்?”

இரண்டு முறை கடிதம் எழுதிக் கேட்டார். அண்ணன் அந்தக் கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் எழுதினார்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கைக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் எங்கும் போக முடியாமல் இருந்தவள். அதைத் திறந்து பார்த்து மூடி, திறந்து பார்த்து மூடி, ஒரு கிழமை கழித்தேன். அந்தக் கிழமை அக்கா கேட்டார்: “என்னோடை ஊருக்கு வாறியே?”

“நான் அங்கை வந்து என்ன செய்யிறது?”

“இரு. சும்மா இரு. விருந்தாளி வீட்டிலை இருந்தால் அண்ணன் சத்தம் போடமாட்டார். அவருக்கு முகம், மரியாதை முக்கியம்.”

அதாவது சண்டைக்குக் கேடயமாக என்னைக் கூட்டிப்போகிறார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல அழைப்பு அது. ஓம் என்றேன்.

வீட்டில் கணவர் காற்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“உமக்கென்ன விசரே? சீனாவுக்கு ஆர் போறது? கைலாசத்துக்கெண்டாலும் ஒரு நியாயம். அது அந்தப் பக்கந்தானே?”

“இல்லை. நான் போறது அதுக்கு எதிர்ப்பக்கம்.”

“அங்கை என்ன இருக்கு?”

“ஆறு இருக்காம்.”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தேம்ஸுக்கு என்ன குறை?” என்றார்.

ஆர்ச்வே முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த பெண்கள் இன்னும் வெளிப்படையாகக் கேட்டார்கள். “இந்தியாவுக்குப் போகேல்லை, கனடாவுக்குப் போகேல்லை. சீனாவிலை உனக்கு ஆர் இருக்கினம்?” என்றார் ஒருவர். “இனித்தான் இருக்கப்போகினம்,” என்றேன். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஹொங்கொங்கில் விமானம் மாறி ஷாங்காய். அங்கிருந்து மூன்று மணித்தியாலம் பஸ். கடைசி இரண்டு மைல் நடை, ஏனென்றால் ஊருக்குள் பஸ் போக இடமில்லை. ஊரின் நடுவில் றோட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்தார். எங்களுக்குக் கிணறு தெரியும், குளம் தெரியும், கடல் தெரியும். ஆறு தெரியாது. ஆனாலும் ஆற்றைப் பற்றி எத்தனை பழமொழி வைத்திருக்கிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். அக்கரைக்கு இக்கரை பச்சை. எல்லாம் கேள்விப்பட்ட ஆறு. அந்த ஊரில்தான் முதன்முதலாக ஓர் ஆறு வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு ஓடுவதைக் கண்டேன். வெள்ளைச் சுவர்கள், மழை வடிந்த கறுப்புக் கோடுகளோடு நேரே தண்ணீருக்குள் இறங்கி நின்றன. ஒவ்வொரு வீட்டின் பின்கதவிலிருந்தும் கல்படிகள் ஆற்றுக்குள் போயின. கறுத்த ஓடுகள் ஒன்றின் மடியில் ஒன்று இருந்தன. கரையோரம் முழுவதும் நடைபாதைக்கு மரத்தூண் நட்டுக் கூரை போட்டிருந்தார்கள். ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மழையில் குடையில்லாமல் போகலாம். லண்டனில் இருந்திருக்க வேண்டிய றோட்டு அது. கடைகளுக்குக் கதவே இல்லை, நிற்கவைத்த பலகைகள்தான். ஒவ்வொன்றிலும் தூரிகையால் இலக்கம் எழுதியிருந்தது. காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள், பொழுதுபட இலக்கம் பார்த்துச் சொருகுவார்கள். வேலி கிடையாது. வேலிக்காகக் கோடேறி வழக்காடுகிற ஊரில் பிறந்த எனக்கு அது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

வீட்டுக்குள் காலடி வைக்குமுன் என் முதல் பிழை நடந்தது. பயணத் தூசோடு வீட்டுக்குள் போகக்கூடாது என்று, நான் பாட்டுக்கு ஆற்றுப்படியில் இறங்கிக் கால் கழுவினேன். இரண்டு படி கீழே, தண்ணீர் போகிற பக்கம், அக்காவின் மச்சாள், அண்ணனின் மனைவி, அரிசி கழுவிக்கொண்டிருந்தார். என் காலையும் அரிசியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழும்பி எனக்கு அந்தப் பக்கம், தண்ணீர் வருகிற திசையில் போய் இருந்து, அந்த அரிசியைத் திரும்பக் கழுவினார்.

அண்ணன் உயரமான மனிதர். செங்கல் ஏற்றுகிற படகு ஓட்டியவர். எழுபது வயதில் கூரையேறித் தன் ஓட்டைத் தானே மாற்றுகிறவர். எனக்குப் பம்பளிமாசு உரித்துச் சுளையிலிருந்த வெள்ளை நாரையும் எடுத்துத் தந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டினார். எங்கள் நாற்சார் வீடுபோல நடுவில் திறந்த முற்றம். நான்கு கூரையும் உள்நோக்கிச் சரிந்திருந்தன. மழை பெய்தால் நான்கு பக்கத் தண்ணீரும் முற்றத்துக்குள்ளேதான் விழும். அங்கே ஆள் உயரத்தில் ஒரு மண்தாழி வைத்திருந்தார்கள். அண்ணன் அந்தத் தாழியைத் தட்டிக்காட்டிப் பெருமையாகச் சொன்னதை அக்கா எனக்கு மாற்றிச் சொன்னார்.

“எங்கடை கூரைத் தண்ணி ஒரு சொட்டும் வெளியிலை போகாதாம். வெளியிலை விட்டால் வீட்டின்ரை நல்லது எல்லாம் அதோடை போயிடுமாம்.”

முற்றத்தைப் பார்த்தபடி நடுக்கூடம். அதில் நீள மேசை, தகப்பன் பாட்டன் படங்கள், கடைசியாகத் தாயின் படம். அவற்றுக்கு முன்னால் மூன்று காலுள்ள வெண்கலச் சட்டி, விளிம்பு வரை சாம்பல்.

முதல் நாள் விருந்து. இரண்டாம் நாள் காலையில் அக்கா கேட்டார். அண்ணன் சிரித்தார், ஊத்தின தண்ணிப் பழமொழியைச் சொன்னார், எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். மூன்றாம் நாள் அக்கா திரும்பக் கேட்டார். இந்த முறை சிரிப்பில்லை. ஆனால் அக்கா கணக்குப் பண்ணியதுபோல, விருந்தாளி இருந்தபடியால் சத்தமும் இல்லை. அண்ணன் பல்லுக்குள்ளால் கதைத்தார்.

“இந்தச் சட்டியை அந்தக் கெட்ட வருசங்களிலை உடைக்க வந்தவங்கள். ஆர் இதைக் காப்பாத்தினது? பேந்து ஆர் தோண்டி எடுத்தது? நான்.”

“தோண்டி எடுத்தது நீ. தாட்டது ஆர்?” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். கலாசாரப் புரட்சி என்று வீடு வீடாகச் சாமிச் சாமான்களை உடைக்கிற ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்த ஒரு மழை நாளில், தாயும் அவரும்தான் சட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஆற்றுப்படியில் இறங்கினார்களாம். கடைசிப் படிக்கல்லை அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று நெம்பிப் பிடிக்க, தாய் அதற்குக் கீழே சட்டியைத் தள்ளினாராம். அண்ணன் அன்றைக்குப் படகில்.

அண்ணன் அதை மறுக்கவில்லை. “அவள் அப்ப இந்த வீட்டுப் பிள்ளை,” என்று மட்டும் சொன்னார்.

அக்கா அந்தப் பதிலை எனக்கு மாற்றிச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் ஆற்றுப் பக்கத்துக் கதவில் சாய்ந்து நின்றார். கீழே ஒரு படகு முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு போனது. அதைப் பார்க்கிறவர்போல நின்றார்.

ஐந்தாம் நாள் புறப்பாடு. பயணப் பைகளைக் கூடத்தில் வைத்திருந்தோம். அண்ணன் மரியாதைக்காரர், போகிற விருந்தாளி முன்னோருக்கு ஒரு பத்தி வைக்கட்டும் என்று மூன்று பத்தியைப் பற்றவைத்து என் கையில் தந்தார். நான் கும்பிட்டேன். சட்டியில் குத்தினேன். அதோடு விலகியிருக்க வேண்டும்.

மூன்று நாளாக அந்தச் சாம்பலைப் பற்றித்தான் வீட்டில் இழுபறி. எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். ஆனால் என் கைக்கு அது தெரியாது. சாமிக்கு முன்னால் ஒரு தட்டில் சாம்பலைக் கண்டால் அது என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? மூன்று விரல் சாம்பலுக்குள் போனது. ஒரு நல்ல பிடி அள்ளியது. நெற்றியில் மூன்று குறி இழுத்தது. தொண்டைக்குழியில் ஒரு தொடுகை. அண்ணாந்து வாயிலும் ஒரு துளி. மிச்சம் உள்ளங்கையில் இருந்தது. திருநீற்றைத் தரையில் உதறுகிற யாழ்ப்பாணத்தாள் இன்னும் பிறக்கவில்லை. கைப்பையைத் திறந்து, பஸ் ரிக்கெட்டை எடுத்து, மிச்சத்தை அதில் கொட்டி, நான்காக மடித்து உள்ளே வைத்தேன். வீட்டில் இருக்கிறவருக்கு. கோயிலுக்குப் போனால் வராதவருக்கும் கொண்டுபோக வேண்டுமல்லவா.

கைப்பையின் பூட்டு ‘டிக்’ என்றது. அப்போதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைக் கவனித்தேன். மச்சாளின் அகப்பை பாதி வழியில் நின்றது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார். அண்ணனின் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, திகைப்பு. அந்தச் சட்டி வந்த நாளிலிருந்து அதை யாரும் முகத்தில் பூசியிருக்கமாட்டார்கள்.

பிறகு கோபமும் வந்தது.

“கழுவச் சொல்லு,” என்றார். “பையிலை வைச்சதைத் திரும்பக் கொட்டச் சொல்லு. மடிச்சுக் கட்டின சாம்பல் வாசற்படி தாண்டினால் அது வீடு பிரியிறது. இவள் ஆர், என்ரை வீட்டைப் பிரிக்க?”

அக்கா இதை மாற்றிச் சொல்லும்போது குரல் நடுங்கியது. பயமா, சிரிப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

உண்மையைச் சொன்னால் எனக்கு வெட்கம் உச்சந்தலை வரை ஏறியிருந்தது. கைப்பையைத் திறந்து திருப்பிக் கொட்டியிருப்பேன். ஆனால் கழுவச் சொல்லு என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. சோற்றுப் பெட்டியை மூடு என்றவர்கள், நெற்றிக் குறியைப் பார்த்து அது என்ன அழுக்கு என்று பஸ்ஸில் கேட்டவர்கள், எல்லாருடைய குரலும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

“அக்கா, அவருக்குச் சொல்லுங்கோ. பூசினதை நாங்கள் ஆர் சொல்லியும் அழிக்கிறேல்லை. அது தானாய் உதிரும்.”

அக்கா சொன்னார். அண்ணன் ஏதோ கேட்டார்.

“உன்ரை வீட்டுச் சாமிச் சாம்பலை நீ ஆரிட்டைக் கேட்டு எடுத்தனி எண்டு கேக்கிறார்.”

“என்ரை அம்மா கடிதத்துக்குள்ளை வைச்சு அனுப்பினவ. மூண்டு மாசம் கழிச்சு, பிரிச்சு ஒட்டின கடிதமாய் வந்தது. அம்மா ஆரிட்டையும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை.” கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தால் எனக்கு நிற்காது. “இன்னொண்டும் சொல்லுங்கோ. மழைத்தண்ணி ஒரு சொட்டு வெளியிலை போகக்கூடாதெண்டு நாலு கூரையையும் உள்ளுக்குச் சரிச்சுக் கட்டி, தாழி வைச்சுப் பிடிக்கிறியள். பெத்த பிள்ளையை மட்டும் வாசலிலை ஊத்திறியளோ? இது என்ன கணக்கு?”

அக்கா முற்றத்துத் தாழியைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரலில் இருந்த நடுக்கம் போனது. பாதி வழிக்குப் பிறகு அவர் என் வார்த்தைகளைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. மச்சாள் அகப்பையைக் கீழே வைத்தார்.

அண்ணன் வாசலைக் காட்டினார். விருந்தாளியை, அதுவும் ஒரு பெண்ணை, கையைப் பிடித்துச் சோதிக்கிற மனிதர் அவர் இல்லை. முழங்கால் உயர மரப்படி. அதை மிதிக்கக்கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். நான் நெற்றியில் மூன்று குறியோடு தாண்டினேன். பின்னால் அக்கா வந்தார். அண்ணன் அவருடைய முதுகுக்குச் சொன்னதை, பஸ் ஏறிய பிறகே அவர் எனக்குச் சொன்னார்: “சாம்பல் அவளின்ரை பையிலை. உன்ரை பையிலை இல்லை. உன்ரை பாட்டன்மாரை அவளே வைச்சுக் கும்பிடட்டும்.”

அந்தச் சொல் அக்காவுக்குள் போய்த் தைத்துவிட்டது. விமானத்தில் நான் பொட்டலத்தை நீட்டினேன். அக்கா தொடவில்லை. “தராமல் எடுத்தது செல்லுமோ எண்டு தெரியேல்லை தங்கச்சி. செல்லாததைக் கும்பிட்டால் அம்மாவுக்கு அவமானம்,” என்றார்.

ஆகவே அவருடைய பாட்டன்மார் பிளேஸ்டோவுக்கு வந்தார்கள். எங்கள் சாமிப் படங்கள் இருந்தது சுடுதண்ணி டாங்கிக்கு மேலே உள்ள அலுமாரியில். பிள்ளையாருக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கிண்ணத்தில், பஸ் ரிக்கெட்டோடு வைத்தேன். என் கணவர் ஒரு கிழமை பொறுத்தார்.

“இஞ்சரும், ஒண்டு கேக்கட்டே? நான் காலமை விளக்கு வைக்கேக்கை அவையளுக்கும் சேத்தோ?”

“சேர்த்து வையுங்கோ. குறைஞ்சு போமாட்டியள்.”

“இல்லை, அவைக்குத் தமிழ் விளங்குமோ எண்டு யோசிச்சன்.”

கேலி செய்தாலும் இரண்டாவது பூவொன்று கிண்ணத்துக்கு முன்னால் வைக்கத் தொடங்கியவர் அவர்தான். அக்கா வேலையில் அதைப் பற்றிக் கேட்கமாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் போகிறபோக்கில், “சுகமாய் இருக்கினமோ?” என்பார். “இருக்கினம்,” என்பேன். இப்படி இரண்டு மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். அக்கா. மூச்சிரைக்க நின்றார், கையில் ஒரு கடைப்பை. அண்ணன் காலையில் ஊர்ப் பாலத்தடிக் கடையிலிருந்து டெலிபோன் எடுத்தாராம். மச்சாள் ஆற்றுப்படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அரிசியில் வண்டு. கூரையில் ஒரு பக்கம் ஒழுக்கு. எல்லாவற்றுக்கும் சாம்பல் போனதுதான் காரணமாம். அந்தப் பெண்ணிடம் வாங்கிப் பதிவுத் தபாலில் அனுப்பு என்றாராம்.

“அனுப்பப் போறியளோ?” என்று கேட்டேன்.

“நீ யோசி தங்கச்சி. செல்லாத சாம்பலெண்டால் அவருக்கு ஏன் திருப்பி வேணும்?” என்றார். அவருடைய கண் மின்னியது. “திருப்பிக் கேக்கிறாரெண்டால் வீடு பிரிஞ்சது உண்மை. கிளை எங்கையோ வந்திட்டுது. அதை அவரே சொல்லிப்போட்டார்.”

எங்கள் ஊரில் எத்தனையோ சட்டத்தரணிகள் பிறந்திருக்கிறார்கள். இப்படி ஒரு வாதத்தை நான் கேட்டதில்லை. கடைப்பைக்குள் ஒரு புதுச் சட்டி இருந்தது, ஊறுகாய் போடுகிற சாடி அளவில், பழுப்பு நிறத்தில். கணவர் அலுமாரியிலிருந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். “இவ்வளவு நாளும் ஒரு குறையும் விடேல்லை எண்டு சொல்லுங்கோ,” என்றார். யாரிடம் சொல்ல என்று அவரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

நானும் கூடப் போனேன். பொப்லரில் நான்காம் மாடி. ஜன்னலருகே ஒரு மடக்கு மேசையில் சிவப்புத் துணி விரித்து, தாயின் படத்தை நிறுத்தியிருந்தார். சட்டியில் கையால் அரிசி நிரப்பினார். பஸ் ரிக்கெட்டைப் பிரித்து, ஒரு தூளும் சிந்தாமல் அரிசிக்கு மேல் தட்டினார். ரிக்கெட்டையும் வீசவில்லை, படத்துக்குப் பின்னால் வைத்தார். பத்திக்கட்டை உடைக்கிற நேரம் டெலிபோன் அடித்தது. மறுபடியும் அண்ணன். எப்போது தபாலில் போடுவாய் என்று கேட்கிறார். அதற்குத்தான் அக்கா அந்தப் பதிலைச் சொன்னார். அதைத்தான் ரிசீவரைப் பொத்திக்கொண்டு எனக்கும் சொன்னார்.

பொத்திய கையை எடுத்தார். டெலிபோனை வைக்கவில்லை. ரிசீவரை மேசையில், சட்டிக்குப் பக்கத்தில் கிடத்தினார். அதற்குள் அண்ணனின் குரல் தகரப்பேணியில் அகப்பட்ட வண்டு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அக்கா குசினிக்குப் போய்க் காஸ் அடுப்பில் மூன்று பத்தியைப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். சட்டியில் குத்தினார். பூட்டனின் பெயரைச் சொன்னார். பாட்டனின் பெயரை, தகப்பனின் பெயரை, கடைசியாகத் தாயின் பெயரை. இரைச்சல் நின்றது. இதற்குப் பிறகு, பத்தி வைக்கிறவர் யார் என்று முன்னோருக்கு அறிவிக்க வேண்டும். அந்த வீட்டில் அந்த இடத்தில் மூத்த ஆணின் பெயரைத் தவிர வேறு பெயர் ஒருநாளும் சொல்லப்பட்டதில்லை. அக்கா மேசையில் குனிந்து, வாயை ரிசீவருக்குக் கிட்டக் கொண்டுபோய், தன்னுடைய பெயரை உரத்துச் சொன்னார்.